உண்டியல் மட்டும் போதுமா?

தோட்டத் தொழிலாளி கொடுப்பதற்கு என்றுமே பின்வாங்கியவன் அல்லன். கோயில் திருவிழா என்றால் கொடுப்பான். பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டும் என்றால் கொடுப்பான். கூடப் பால் வெட்டும் தோழன் படுக்கையில் விழுந்துவிட்டான் என்று கேட்டால், சம்பள நாளன்று மேசைமேல் இருக்கும் உண்டியலில் தன்னால் இயன்றதைப் போடாமல் வீட்டுக்குப் போகமாட்டான். புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. ஆல்மா என்றால் இன்று வீடமைப்புப் பகுதியைத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தோட்டத்து மக்களிடம் இருந்த அந்தக் குணம் மட்டும் போகவில்லை. இது நாம் பெருமைப்படத்தக்க விஷயம்.

ஆயினும், இந்த நல்ல குணம் ஒன்றை மட்டும் கொண்டு தீர்க்க முடியாத ஒரு துன்பம் உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. ஒரே குடும்பத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும், அல்லது தகப்பனுக்கும் பிள்ளைக்கும், ஊரில் எவரும் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு கொடிய நோய் வந்துவிடுகிறது. அது பத்து நாளில் தீரும் காய்ச்சலன்று. ஆயுள் உள்ளவரை தொடரும் நோய். முதல் மாதம் உண்டியல் குலுங்குகிறது. மூன்றாம் மாதமும் குலுங்குகிறது. ஆறாம் மாதத்தில் கொடுப்பவனுக்கும் கூச்சம், வாங்குபவனுக்கும் கூச்சம். அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போவதே குறைந்துவிடுகிறது. யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அந்தக் குடும்பம் தனித்துப் போய்விடுகிறது.

இத்தகைய நோய்களை அரிய நோய்கள் என்கிறார்கள். நம் நாட்டில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படும் கொடிய நோயை அரிய நோய் என்று வரையறுத்திருக்கிறார்கள். அப்படியானால் நமக்கென்ன என்று எண்ணிவிடக் கூடாது. உலகில் இப்படிப்பட்ட நோய்கள் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரியதுதான், எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் உலகத்தில் 30 கோடிப் பேர் இவற்றால் அவதிப்படுகிறார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இவற்றில் பத்துக்கு ஏழு பரம்பரைக் கூறுகளில் ஏற்படும் கோளாறினால் வருபவை. ஆகவேதான் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரே நோய் வரும் கொடுமை நேர்கிறது. சில வகை நோய்களில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிப் போட்டால் தலையோ பூவோ விழுவது போலத்தான். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இரண்டாம் பிள்ளை தப்பும் என்று கணக்குப் போடவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

ஓர் உதாரணம் கூறுவோம். மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி என்று ஒரு தசைநோய். இந்த நோய் கண்டவர் ஒரு பொருளை இறுகப் பிடித்தால், பிடியை உடனே விட முடியாது. விரல்கள் மெதுவாகத்தான் விரியும். பால் வெட்டும் ஒரு பெண்ணுக்கு இது இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைப் பிடித்த கை ஒட்டிக்கொண்டது போல் நிற்கும். கால் தடுக்கும். பகலிலேயே தூக்கம் கண்ணைச் சுழற்றும். முந்நூறு மரம் வெட்டியவள் இருநூறில் களைத்துப்போவாள். மண்டோர் என்ன சொல்வார்? “சோம்பேறி” என்பார். பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள்? “இராத்திரி தூங்காமல் என்ன செய்தாளோ” என்பார்கள். அவளுக்கே தன் உடம்பில் நோய் இருப்பது தெரியாது. அவளுக்குப் பிறக்கும் குழந்தை துவண்ட உடம்போடு, பாலை உறிஞ்சவும் மூச்சை இழுக்கவும் வலுவில்லாமல் பிறக்கக்கூடும். குழந்தையைச் சோதிக்கும் டாக்டர், தாயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அந்தக் கை விடாமல் நிற்பதைக் கண்டு, “அம்மா, உங்களையும் பார்க்க வேண்டும்” என்பார். பிள்ளையின் நோயினால்தான் தன் நோயைத் தெரிந்துகொண்ட தாய்மார்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்த நோயில் தாயைவிடப் பிள்ளைக்குக் கடுமை அதிகமாக இருப்பதும் உண்டு.

இப்போது அந்த வீட்டின் கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கணவன், மனைவி இருவரும் வேலை செய்தால் 3,400 வெள்ளி. மனைவி நின்றால் பாதி போயிற்று. நோயுற்ற இருவரையும் பார்த்துக்கொள்ளக் கணவனும் நின்றுவிட்டால் முழுவதும் போயிற்று. செலவோ ஏறுகிறது. நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பரம்பரை நோய்களை ஆராயும் நிபுணர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டால் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நடக்க முடியாத தாய், தூக்கிச் செல்ல வேண்டிய பிள்ளை, கூட ஓர் ஆள். டாக்டர் கேட்பது ஐந்து வெள்ளி; போய் வரும் செலவு ஐந்து வெள்ளியா? தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களாக இருந்தால், வேலை போனால் வீடும் போகுமே என்ற அச்சம் வேறு.

இதற்கெல்லாம் மேலாக ஒரு பாரம் உண்டு. அது வாய்ப்பேச்சு. செய்வினை என்பார்கள், முன்வினை என்பார்கள், தாயின் குற்றம் என்பார்கள். வீட்டில் மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டுமே என்று குடும்பமே நோயை மறைக்கிறது. மறைக்கப்பட்ட நோய்க்கு உதவி எங்கிருந்து வரும்?

இவ்விடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைத் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது. வூடி கத்ரி என்பவர் அந்நாட்டுத் தொழிலாளர்களின் பாடகர். 1912இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். பஞ்சத்தில் ஊரை விட்டு வெளியேறிய விவசாயிகளைப் பற்றியும், பழம் பறிக்கும் கூலிகளைப் பற்றியும், தொழிற்சங்கங்களுக்காகவும் ஏராளமான பாட்டுகள் கட்டிப் பாடியவர். அவருடைய தாயார் நோராவுக்கு நடையும் நினைவும் தடுமாறின. பைத்தியம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். 1930இல் அங்கேயே இறந்தார். பிற்காலத்தில் வூடிக்கும் அதே தடுமாற்றம் வந்தது. குடிகாரன் என்றார்கள், மனநோய் என்றார்கள். 1952இல்தான் அது ஹண்டிங்டன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். அது மூளையைச் சிறிது சிறிதாக அழிக்கும் பரம்பரை நோய். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வருவது. பல ஆண்டுகள் ஆஸ்பத்திரிகளில் கிடந்து, 1967 அக்டோபரில், 55ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய பெண்மக்களில் இருவர் அதே நோய்க்கு 41ஆம் வயதில் பலியானார்கள். பாட்டி, தகப்பன், பெண்மக்கள் என்று மூன்று தலைமுறை!

இந்தத் துயரத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில், நியூ ஜெர்சியில் வசித்த ஒரு தம்பதியர் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, நண்பர்களோடு இருக்கச் செய்தார்கள். அவர்கள் பெரும் பணம் கொடுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாளைக் கொடுத்தார்கள். தவறாமல் கொடுத்தார்கள். இரண்டாவது, அவருடைய மனைவியாக இருந்த மார்ஜரி. மணவிலக்கு ஆன பிறகும் அந்த அம்மையார் அவரைக் கைவிடவில்லை. அவர் இறந்த 1967ஆம் ஆண்டிலேயே, இதே நோய் கண்ட மற்றக் குடும்பங்களைத் தேடிச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். விரல் விட்டு எண்ணத்தக்க குடும்பங்களோடு தொடங்கிய சங்கம் அது. ஊர் ஊராகச் சென்று பேசினார்; சட்டமன்றக்காரர்களை விடாமல் கேட்டார். பத்தாண்டுகளுக்குள் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த நோய்க்கென்றே ஒரு விசாரணைக் குழுவை அமைக்கும்படி ஆயிற்று. வெனிசுவேலா நாட்டில் மரகைபோ ஏரிக்கரையில் இந்நோயால் வாடிய ஏழைக் குடும்பங்கள் தங்கள் இரத்தத்தைக் கொடுத்து உதவியதால், 1983இல் நோயின் இருப்பிடத்துக்கு அடையாளமும், 1993இல் நோயின் மூலக்கூறும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த நோயை முற்றாகக் குணப்படுத்த இன்னும் வழி பிறக்கவில்லை. ஆனாலும், “பைத்தியம், குடிகாரன்” என்று ஏசப்பட்டவர்கள் நோயாளிகள் என்று மதிக்கப்பட்டார்கள். இது சிறிய மாற்றமா?

நம் இனத்தாரிடமும் இத்தகைய உறுதி இருக்கிறது. தமிழ்நாட்டில், சேலத்தில், தசைச்சிதைவு நோயால் நடக்க முடியாமற்போன வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவர், தங்களைப் போன்றோருக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் 2004 முதல் மலேசிய அரிய நோய்ச் சங்கம் இயங்கி வருகிறது. ஆகவே, நோயுற்ற குடும்பம் என்றால் கை நீட்டும் குடும்பம் என்று மட்டும் எண்ணுவது தவறு. அவர்களுக்கு ஒரு ஸ்தாபனத்தின் துணை கிடைத்தால் அவர்களே பிறருக்கு வழிகாட்டுவார்கள்.

இந்தியாவில் சில குழந்தைகளுக்கு ஒரே ஓர் ஊசி மருந்துக்காகப் பதினாறு கோடி ரூபாய் வரையில் பொதுமக்களிடம் திரட்டிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். மக்களின் இரக்கத்துக்கு அது பெரிய சாட்சி. ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே ஊசியில் தீர்வு இல்லை. பெரும்பாலான அரிய நோய்களுக்கு மருந்தே இல்லை, பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். ஒரு நாள் செலவுக்கு உண்டியல் உதவும். இருபது வருடச் செலவுக்கு உண்டியல் எப்படி உதவும்? அதற்குச் சட்டமும் சங்கமும் வேண்டும்.

சட்டத்தில் நமக்கு உள்ள உரிமைகளை முதலில் தெரிந்துகொள்வோம். 1969ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சொக்சோ, வேலையிடத்து விபத்துக்கு மட்டும் உரியதன்று. எந்த நோயினாலும் ஒரு தொழிலாளி நிரந்தரமாக உழைக்க முடியாமற்போய், நல்ல உடம்புள்ளவன் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை ஏற்பட்டால், சந்தா நிபந்தனைகளைப் பூர்த்தி செய்திருக்கும் பட்சத்தில், ‘இலாட்’ என்னும் உழைக்க இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை அது கிடைக்கும். ஆனால் 60 வயதுக்கு முன் மனுச் செய்ய வேண்டும். 1951 முதல் இருந்துவரும் ஊழியர் சேமநிதியிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட கடும் நோய்களின் வைத்தியச் செலவுக்குத் தனக்காகவும், மனைவி மக்களுக்காகவும், பெற்றோருக்காகவும் பணம் எடுக்க வழி உண்டு. சமூகநல இலாகாவில் மாற்றுத் திறனாளிகளுக்கான ஓகேயு அட்டையும், படுக்கையில் கிடப்போரைப் பராமரிப்பவருக்கு உதவித் தொகையும் உண்டு. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும் மனுச் செய்யலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் நோய் விடுப்பும், ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் விடுப்பும் சம்பளத்தோடு உண்டு. 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கவும் உரிமை இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் இருக்கிறதே, பின் என்ன குறை என்று கேட்கலாம். குறை இரண்டு. ஒன்று, இவற்றைக் கேட்டு வாங்கத் தெம்பு வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, விழுந்துவிடும் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, எந்தப் பாரத்தை எந்த இலாகாவில் கொடுப்பது என்று அலைய ஒரு மனிதனால் முடியுமா? பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ சரியாக இல்லாத குடும்பமாக இருந்தால் கதவு முதலிலேயே சாத்தப்படுகிறது. இரண்டு, சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. தொழிலாளி நோயுற்றால் விடுப்பு உண்டு. அவன் பிள்ளை நோயுற்றால் அவனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு இல்லை. தன் ஆண்டு விடுப்பைத் தின்ன வேண்டும். அது தீர்ந்தால் சம்பளத்தை இழக்க வேண்டும். அதுவும் தீர்ந்தால் வேலையையே இழக்க வேண்டும். இது நியாயமா?

“சங்கம் சம்பளத்துக்குப் போராடத்தானே? வீட்டு நோய்க்கெல்லாம் சங்கம் பொறுப்பா?” என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டபோது, கூலி உயர்வு ஒன்றே நம் குறியாக இருந்ததா? வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே நம் கோரிக்கைகளாக இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. தொழிலாளர்கள் சிறு சிறு தவணையாகக் கட்டிய பணம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கியது. தனித்தனியே பார்த்தால் அது கூலிக்காரனின் சில்லறைக் காசு. ஒழுங்காக, மாதந்தோறும், கணக்கோடு சேர்ந்தபோது அது ஒரு தோட்டம். அந்த ஒழுங்கைத்தான் இப்போதும் கேட்கிறோம்.

“எல்லார் வீட்டிலும்தான் கஷ்டம் இருக்கிறது, இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?” என்றும் கேட்பார்கள். கஷ்டம் எல்லார் வீட்டிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீரிழிவு என்றால் தோட்டத்து டிரெசருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். அரிய நோயுள்ள குடும்பத்துக்கு ஆலோசனை சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. அதோடு, ஒரே கூரையின் கீழ் பார்க்கப்பட வேண்டியவர் இருவர், பார்க்கக் கூடியவர் ஒருவர். இதைச் சலுகை என்று சொல்வது பொருந்தாது. பாரம் அதிகமான தோளுக்குக் கை கொடுப்பது தொழிலாளர் நீதி.

ஆகவே, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரக் கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே சில காரியங்களைத் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, இத்தகைய குடும்பம் ஒன்று இருப்பது தெரிந்தவுடன் கிளை மூன்று பேரை நியமிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சொக்சோ, சேமநிதி, சமூகநல இலாகா பாரங்களை எழுதி, நிறைவேறும் வரை பின்தொடர்வது அவர்கள் வேலை.

இரண்டாவது, மாதந்தோறும் ஒரு சிறு தொகை. ஒரு வெள்ளியோ இரண்டு வெள்ளியோ போதும். மனமிருந்தால் போடுவது என்று இல்லாமல், கிளை நிதியாக, ரசீதோடு, கணக்கோடு நடக்க வேண்டும். அதைப் போக்குவரத்துச் செலவுக்கென்றே ஒதுக்கினால் போதும். கோலாலம்பூருக்குப் போகும் நாளை ஒரு குடும்பம் பணமில்லாமல் தவறவிடக் கூடாது.

மூன்றாவது, முறை வைத்துக்கொண்டு வாரத்தில் அரை நாள் யாராவது அந்த வீட்டில் இருக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் துணி துவைக்கவும், கடைக்குப் போகவும், கொஞ்சம் தூங்கவும் அந்த அரை நாள் உதவும். தீபாவளிக்குக் கொண்டுபோகும் பலகாரத்தைவிட இது பெரியது.

நான்காவது, வாயைக் காக்க வேண்டும். குடும்பத்தார் சொல்ல விரும்பாத எதையும் வெளியே சொல்லலாகாது. “மற்றப் பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்தீர்களா?” என்று கேட்பது நம் வேலை அன்று. சோதிப்பதா வேண்டாமா என்பதை அவர்களும் டாக்டரும் முடிவு செய்வார்கள். சோம்பேறி என்ற சொல்லையும் சாபம் என்ற சொல்லையும் கிளை அங்கத்தினர் எவரும் உபயோகிக்கக் கூடாது.

நிர்வாகத்தாருக்கும் நம் கோரிக்கை உண்டு. கை கால் தளர்ந்த தொழிலாளிக்குச் சம்பளம் குறையாமல் இலேசான வேலை கொடுங்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பது அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். ஓய்வூதிய மனு முடிவாகும் வரை குடும்பத்தை வீட்டை விட்டு எழுப்பக் கூடாது. அரசாங்கத்துக்கும் சொல்லுகிறோம்: நோயுற்ற பிள்ளையைப் பார்க்கும் விடுப்பைச் சட்டமாக்குங்கள், பரம்பரை நோய் நிபுணர்களை வட மாநிலங்களுக்கும் போதிய அளவில் அனுப்புங்கள். பேச முடியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் போகச் சொல்வது வைத்தியம் ஆகாது.

இந்தக் கோரிக்கைகள் ஒரே நாளில் கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சேமநிதியும் சொக்சோவும் ஒரே நாளில் வரவில்லை. ஆனால் மூன்று பேரை நியமிப்பதற்கும், ஒரு வெள்ளிக்கு ரசீது போடுவதற்கும், வாரத்தில் அரை நாள் ஒரு வீட்டில் உட்காருவதற்கும் எந்தத் துரையின் அனுமதியும் வேண்டியதில்லை. எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. உங்கள் கிளையில் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். இருந்தால், உண்டியலை எடுத்துக்கொண்டு போகாமல், முதலில் வெறுங்கையோடு போய் உட்கார்ந்து, என்ன தேவை என்று கேளுங்கள். பிறகு கிளைக் கூட்டத்தைக் கூட்டுங்கள்.